குப்புறப் படுத்திருந்த நாட்கள்

முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. ஓரத்தில் ஒரு கல் கண்ணில் பட்டது. எடுக்கலாம் என்று அதையே பார்த்தேன். கல் இல்லை. பார்வையைக் கொஞ்சம் தள்ளினேன், கல் இருந்தது. மறுபடி நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு சாம்பல் புள்ளி. சுற்றியிருந்த அரிசியெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்து வளைந்து கிடந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மீதியைப் பொறுக்காமலே உலையில் போட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்கால் பக்கத்தில், பூவத்திலிருந்து கோவில்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஒரு மகள், இரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இருந்தது ஒரு கண். இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. களத்தில் நெல் தூற்றும்போது உமியின் சொணை கண்ணில் விழுந்தது, யாரோ இலைச்சாறு பிழிந்து விட்டார்கள், வெள்ளையாகிவிட்டது. அஞ்சாவது முடித்த வருஷம் அது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வலது கண்ணை நல்ல கண் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அந்த நல்ல கண்ணுக்கும் எதையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் தெரியும். முறத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் அரிசி பொறுக்குவேன். "அரிசிக்கு முத்தம் குடுத்தது போதும், உலை கொதிக்குது பாரு" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அது ஒரு குறை என்று எனக்குத் தெரியாது. தெருக்கோடி எல்லாருக்கும் மூட்டமாகத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

சாம்பல் புள்ளியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் மாமியாருடைய திவசம் வந்தது. வீட்டில் சமைக்க இருந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். சொன்னால் படுக்கச் சொல்வார்கள், படுத்தால் யார் சமைப்பது, திவசம் முடியட்டும் என்று இருந்துவிட்டேன். திவசத்தன்று கறிகாய் நறுக்கும்போது புள்ளி ஒரு ரூபாய் அகலம் ஆகியிருந்தது. அதற்கு மறுநாள் மேலேயிருந்து ஒரு நிழல் இறங்கியது. வெயிலுக்குக் கடைவாசலில் சாக்குப் படுதாவை இறக்கிவிடுவார்களே, அந்த மாதிரி. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வலி இல்லை. வலித்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஒரு மத்தியானம் வீட்டுக்காரருக்கு ரசம் ஊற்றினேன்.

"ஏன் தரையில ஊத்துற?"

நான் கரண்டியை நகர்த்தி மறுபடி ஊற்றினேன்.

"இப்ப என் கையில ஊத்துற. என்னயப் பாரு. என்ன ஆச்சு உனக்கு?"

அவர் குரல் வந்த பக்கம் பார்த்தேன். சட்டை தெரிந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. அப்போதுதான் சொன்னேன்.

காரைக்காலில் பார்த்த டாக்டர், இங்கே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மெட்ராஸ் போங்கள் என்று சொல்லிவிட்டார். மகளைப் பூவத்தில் என் அம்மாவிடம் விட்டோம். வாடகைக் கார் எடுத்தோம். பின் சீட்டில் நான் படுத்துக்கொள்ள வேண்டும், தலை அசையக்கூடாது என்று உத்தரவு. முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். மாமனார் உட்கார்ந்திருக்கிற காரில் நான் எப்படிப் படுப்பது? சிதம்பரம் வரை உட்கார்ந்தே போனேன். அதற்குப் பிறகு தலை சுற்றி வாந்தி வந்ததால் வீட்டுக்காரர் பிடித்துப் படுக்கவைத்தார்.

மாமனாரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். சைகோனில் எல்லாம் இருந்தவர். தெருவில் எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். காலையில் சவரம் செய்துகொண்டு கன்னத்தில் ஓடிகோலோன் வாசனைத் தண்ணீர் தடவிக்கொள்வார். பிறகு தோல் சப்பாத்தை மாட்டினால் படுக்கப் போகும்வரை கழற்ற மாட்டார். சப்பாத்தின் குதியில் இரும்பு லாடம் அடித்திருக்கும். சிமெண்டுத் தரையில் அந்தச் சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்கும்.

நான் வந்த முதல் நாளே மாமியார் சொல்லிவிட்டார்கள். "மாமா வர்ற சத்தம் கேட்டா உக்காந்திருக்கக் கூடாது. படுத்திருக்கவே கூடாது." எட்டு மாசம் வயிற்றோடு இருந்தபோதும் எழுந்து நின்றிருக்கிறேன். மாமியார் தவறிப்போன பிறகும் அதை மாற்ற எனக்குத் தோன்றவில்லை, யாரும் மாற்றச் சொல்லவும் இல்லை. சத்தம் கேட்டால் என் உடம்பு தானாக எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடும். அவர் என்னிடம் பேசியது "காப்பி இருக்காம்மா", "கதவ சாத்தும்மா", அவ்வளவுதான். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. சப்பாத்தை நன்றாகத் தெரியும்.

மெட்ராஸில் கண் டாக்டர் என் கண்ணுக்குள் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார்.

"கண்ணுக்குப் பின்பக்கம், செவுத்துல காகிதம் ஒட்டின மாதிரி ஒரு சவ்வு இருக்கும்மா. விழித்திரைன்னு பேரு. உங்களுக்குச் சின்னதுலேருந்தே கிட்டப்பார்வை. அந்த மாதிரி கண்ணு நீளமாயிருக்கும், சவ்வு இழுபட்டு மெலிஞ்சு போயிருக்கும். நட்டநடுவுல ஓட்டை விழுந்திருக்கு. அது வழியா தண்ணி பூந்து சவ்வே உரிஞ்சு வந்திருச்சு. எப்பலேருந்து தெரியல?"

"திவசத்துக்கு முன்னாடிலேருந்துங்க."

என் வீட்டுக்காரர் மூச்சு விட்டது கேட்டது.

"ஒட்ட வைக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஒட்டுறது வேற, தெரியறது வேற. ஒட்டாம விட்டா ஒண்ணுமே தெரியாது. ஒட்டினா எவ்வளவு தெரியும்னு இப்ப சொல்ல முடியாது."

'ஒட்ட வைக்கலாம்' என்ற வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. எங்கே படுக்கவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

முதல் ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி ரப்பர் பட்டை ஒன்றை வைத்துத் தைத்தார்கள். உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்தார்கள். பிறகு காற்றை ஊசியால் உள்ளே விட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் எனக்கு எல்லாப் பேச்சும் கேட்டது. யாரோ ஒருவர் மதியம் கேண்டீனில் என்ன இருக்கும் என்று கேட்டார்.

மறுநாள் டாக்டர் ஒரு குளுகோஸ் பாட்டிலோடு வந்தார். பாதி தண்ணீர் இருந்தது. என் கண் கட்டியிருந்ததால் பாட்டிலை என் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார்.

"தண்ணி கீழ போகுது, காத்து மேல வருதில்லையா? நீங்க நிமிர்ந்து உக்காந்தா காத்து நெத்திப் பக்கம் ஏறிரும். மல்லாக்கப் படுத்தா கண்ணு முன்னாடி வந்துரும். ஓட்டை இருக்கிறது பின்னாடி. மூஞ்சிய தரையைப் பாக்க வச்சாத்தான் காத்து பின்னாடி போயி ஓட்டையை அமுக்கும். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் தவிர குப்புறத்தான் படுக்கணும். எழுந்திரிச்சாலும் தலை குனிஞ்சே இருக்கணும். காத்து ஒரு வாரம்தான் இருக்கும். அதுக்குள்ள ஒட்டணும்."

சரிங்க என்றேன். தலை குனிந்து இருப்பது எனக்கு ஒரு சிரமமா என்று நினைத்தேன்.

வீட்டுக்காரருக்கு லீவு இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் காரைக்காலுக்குப் போய்விட்டார். பென்ஷன்காரர் என்பதால் மாமனார் தங்கினார். மெட்ராஸில் அவருக்குத் தெரிந்த இன்னொரு சொல்தா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் காலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் வருவார். பார்வை நேரம் தொடங்கும்போது வருவார், முடிகிற மணி அடிக்கும்போது போவார். காவலுக்கு நிற்கிறவர் மாதிரி.

முதல் நாள் வராந்தாவின் கோடியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. நான் குப்புறப் படுத்திருந்தேன். முதுகும் பின்பக்கமும் மேலே தெரிய ஒரு பொம்பிளை மாமனார் முன்னால் படுத்திருப்பதா? சத்தம் கிட்டே வருவதற்குள் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் குனிகிற அளவுக்கு.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிளாஸ்கை வைத்தார். பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. மணி அடித்ததும், "வரேம்மா" என்று எழுந்து போனார். நான் படுத்தேன். சாயங்காலமும் அப்படித்தான். அவர் வரும்போதெல்லாம் நான் உட்கார்ந்திருந்ததால், அப்படித்தான் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் யாரையும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் காசிமேட்டு மீன்காரம்மா ஒருவர் இருந்தார். அவருக்கும் விழித்திரைதான், ஆனால் மல்லாக்கப் படுக்க வேண்டும், தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ஆடாமல் கிடந்தபடி வார்டு முழுக்க அதிகாரம் செய்வார்.

"இன்னாம்மா, உன் மாமனாரு கலெக்டரா? பூட்ஸு சத்தம் கேட்டா ஏந்திரிச்சிக்கிற."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க கண்ணுலயும் கட்டுதானே போட்டிருக்கு."

"கட்டிலு கிரீச்சுங்குதே, அது போதாதா? டாக்டரு கவுந்து பட்ன்னாரா, இல்லியா?"

"வெக்கமா இருக்குங்க."

"வெக்கத்த வச்சி கொழம்பு வெப்பியா நீ? கவுந்து பட்டுக்கினு போவியா."

நானும் நாளைக்குப் படுத்திருந்துவிடலாம் என்று நினைப்பேன். சத்தம் வராந்தாவில் திரும்பும்போது கட்டில் கிரீச்சிடும். ஏழு நாளும் அப்படியே போனது.

எட்டாம் நாள் டாக்டர் கட்டை அவிழ்த்து நெடுநேரம் பார்த்தார். மாமனாரையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்.

"காத்து கரைஞ்சிருச்சு. ஓட்டை மூடலை. மறுபடி தண்ணி பூந்திருக்கு." பிறகு என்னிடம், "குப்புறப் படுத்திருந்தீங்களாம்மா?" என்றார்.

"படுத்திருந்தேங்க."

"எங்க சார் பட்துச்சு" என்றது பக்கத்துக் கட்டில். "அந்தப் பெரியவரு பூட்ஸு சத்தம் கேட்டா ஏந்திரிச்சி குந்திக்கும். காலைல ரெண்டு மணி நேரம், சாய்ந்தரம் ரெண்டு மணி நேரம். நா சொன்னா கேக்குதா?"

டாக்டர் பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு சப்பாத்து திரும்பி வெளியே போனது. வராந்தா முழுக்க அது போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது.

இரண்டாம் ஆபரேஷனுக்கு வீட்டுக்காரர் வந்தார். "அப்பா ஊருக்குப் போறேன்னு பெட்டியக் கட்டினாரு. அப்பறம் போவல" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்தத் தடவை கண்ணுக்குள் நிறைந்திருக்கிற கூழ் மாதிரியான ஒன்றை மிஷினால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி உறிஞ்சி எடுத்தார்கள். அது அப்போது புதிசு, எல்லா ஊரிலும் கிடையாது என்றார் நர்ஸ். தூரத்து வீட்டில் தையல் மிஷின் ஓடுவதுபோல் கேட்டது. மங்கிய வெளிச்சத்துக்குள் கறுப்பு நூல் மாதிரி ஏதோ நீந்தியது. காற்றுக்குப் பதிலாக, சீக்கிரம் கரையாத ஒரு வாயுவை உள்ளே விட்டார்கள். இரண்டு வாரம் இருக்குமாம்.

"இதுதாம்மா நமக்கு இருக்கிற வழி" என்றார் டாக்டர். "இது ஒட்டலேன்னா நான் திரும்ப உள்ள போறதுல அர்த்தம் இல்ல. படுத்திருக்கிறது உங்க கையில."

மீன்காரம்மாவுக்குக் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது பழைய சேலையைச் சுருட்டி, கூடைக்கு வைக்கிற மாதிரி ஒரு சும்மாடு கட்டிக்கொடுத்தார். "இத நெத்திக்குக் குடுத்துப் பட்டுக்கோ. மூச்சு முட்டாது. நா இருவது வருசமா தலைல வச்சது, உனக்கு மூஞ்சிக்கு."

அந்தச் சும்மாட்டில் முகத்தைக் கவிழ்த்து ரெண்டு வாரம் கிடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கழுத்து வலித்தது. உதடு வீங்கியது. சேலைக்குள் மீன் வாடை இருந்தது. பகல் போய்க்கொண்டிருக்கிறது என்பதைச் சாப்பாட்டுத் தட்டின் சத்தத்தில் தெரிந்துகொண்டேன். மகளை நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன், ஆனால் அழுகை வரவில்லை. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருந்தார், அது சுலபமாகவே இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை, பார்வை நேரம் தொடங்குகிற மணி அடித்தது. நான் சப்பாத்துச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டிருந்தேன். ஆயாவின் ரப்பர் செருப்புப் போனது. நர்ஸ் போனார்கள். யார் யாரோ வந்தார்கள். சப்பாத்து வரவில்லை. ஊருக்கே போய்விட்டார் போல என்று நினைத்தேன்.

அப்போது ஓடிகோலோன் வாசம் வந்தது.

சத்தமே இல்லை, வாசம் மட்டும். கட்டிலுக்கு நாலடி தூரத்தில் நின்றது. என் தோள்கள் எழும்பிவிட்டன. கால் விரல் கட்டிலின் விளிம்பைத் தேடியது. கட்டிலின் தலைமாட்டில் ஒரு இரும்புக் கம்பி உண்டு. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு கையை மட்டும் விட்டு, போர்வையைத் தடவி எடுத்துக் குதிகால் வரை இழுத்துவிட்டேன். பிறகு மறுபடி கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நெற்றி சும்மாட்டை விட்டு எழும்பவில்லை.

அவர் அப்படியே நின்றார். பிளாஸ்க் மேசையில் வந்து உட்கார்ந்த சத்தம்கூடக் கேட்கவில்லை, பிறகு தடவிப் பார்த்தபோதுதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசம் போய்விட்டது. கம்பியை விட்டபோது விரல்கள் மடங்கியபடியே நின்றன.

தினமும் வந்தார். தூங்குகிற ஆளிடம் வருவதுபோல் வந்து போனார். நான் தூங்குகிறவள் மாதிரிக் கிடந்தேன். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது, அவர் வருவது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். "அப்பா வாசல்லயே சப்பாத்தக் கழட்டிக் கையில புடிச்சிக்கிட்டு வராரு. சப்பாத்து திருடிட்டுப் போறாருன்னு வாட்ச்மேன் புடிச்சிட்டானாம்."

"என்ன சொன்னாராம்?"

"பிரெஞ்சுல திட்டியிருப்பாரு. வேற என்ன."

"ஏன் கழட்டுறாரு?"

"கேட்டேன். தரை வழுக்குதாம்."

சும்மாட்டில் நெற்றியை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.

கட்டை எடுத்த பிறகு அந்த வாயு எனக்கே தெரிந்தது. எழுந்து நிற்கும்போது கண்ணுக்குள் ஒரு நீர்மட்டம் ஆடியது, கோடு போட்ட மாதிரி. நாளாக ஆகக் கீழே இறங்கி, கோலிக்குண்டு ஆகி, பட்டாணி ஆகி, ஒரு காலையில் இல்லாமல் போனது.

அன்றைக்கு டாக்டர் பார்த்துவிட்டு, "ஒட்டிக்கிச்சும்மா" என்றார். "நல்லா ஒட்டியிருக்கு." சின்ன டாக்டர்கள் வரிசையாக வந்து என் கண்ணுக்குள் பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

பெரிய டாக்டர் கையை நீட்டினார். "எத்தனை விரல்?"

நேரே பார்த்தேன். மணிக்கட்டு இருந்தது, விரல்கள் இல்லை. அவர் தோளைப் பார்த்தேன். விரல்கள் ஓரத்தில் மங்கலாக வந்து நின்றன.

"மூணுங்க."

"நேராப் பாத்துச் சொல்லுங்க."

"நேராப் பாத்தா இல்லீங்க."

அவர் கையை இறக்கினார். "நடுவுல இனிமே வராதும்மா. அந்த இடம் ரொம்ப நாள் உரிஞ்சு கெடந்திருக்கு. சுத்தி இருக்கிறது நிக்கும். நடமாடலாம், சமைக்கலாம். படிக்கிறது, ஊசியில நூல் கோக்கிறது இதெல்லாம் கஷ்டம்."

"மொதத் தடவையே ஒட்டியிருந்தா டாக்டர்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்பவும் இதே அளவு இருந்திருக்கலாம். கொஞ்சம் கூடுதலா இருந்திருக்கலாம். அதெல்லாம் யாராலும் சொல்ல முடியாது."

அந்தப் பதிலை மாமனாரிடம் சொன்னீர்களா என்று வீட்டுக்காரரை நான் கேட்டதில்லை.

கோவில்பத்துக்கு வந்தபோது பூவத்திலிருந்து மகளைக் கூட்டிவந்திருந்தார்கள். கட்டிக்கொண்டாள். பிறகு தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏம்மா என்னயப் பாக்க மாட்டேங்குற?"

"பாக்குறேனே."

"இல்ல. நீ செவுத்தப் பாக்குற."

அவளுடைய மூக்கும் வாயும் வேண்டுமென்றால் நான் அவள் காதுக்கு அப்பால் பார்க்க வேண்டும். கதவு நிலை நடுவில் முழங்கை மாதிரி மடங்கித் தெரிந்தது. அடுப்பும் பானையும் பழகிவிட்டன. அரிசி பொறுக்குவதை மட்டும் மகள் செய்தாள்.

வந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஓடிகோலோன் வாசம் வந்தது. வீட்டிலும் சப்பாத்துச் சத்தம் நின்றுபோயிருந்தது, வாசல் படியிலேயே கழற்றிவிடுகிறார் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் எழுந்து நின்றேன். அவர் வழக்கம்போல் தாண்டிப் போகவில்லை.

"உக்காரும்மா" என்றார்.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பார்வை எப்படி இருக்கு?"

பத்து வருஷத்தில் அவர் என்னை ஒரு கேள்வி கேட்டுப் பதிலுக்கு நின்றது அதுதான் முதல் தடவை.

"தேவலைங்க மாமா."

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தேன். அவருக்கு இடது பக்கம் இருந்த ஜன்னல். அதன் கம்பியைப் பார்த்தபோது ஓரத்தில் அவர் முகம் வந்தது. மங்கல்தான். நரைத்த புருவம். பெரிய காது. தாடையில் ஒரு பக்கம் சவரம் விட்டுப்போயிருந்தது. கீழுதடு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நான் எப்போதும் போல வேறு பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அதனால் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் என்னைப் பார்த்தபடியே நின்றார்.

பிறகு நான் பார்க்கிற பக்கம் அவரும் திரும்பினார்.

"ஜன்னல சாத்தணுமா?"

"வேணாங்க. இருக்கட்டும்."

நான் அந்தக் கம்பியையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.